துளசிமணியின் கறுப்புப் பனியன்

தீர்ப்பு சொல்ல அவசரப்படாதீர்கள். முழுதும் கேட்டுவிட்டு வாயைத் திறவுங்கள்.

திருப்பூரில் ஒரு குடியிருப்போர் சங்கம் ஒரு பனியன் கம்பெனியோடு பேசி நல்ல எண்ணத்தோடு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அங்கே அறுபதைத் தாண்டிய ஒருவருக்கும் இளவயதினர் ஒருவருக்கும் ஒரே மேசை. மாதம் முழுக்க வேலை சுத்தமாக இருந்தால் நிரந்தரம். துளசிமணி சேர்ந்தாள். தைத்த துணியில் குறை தேடும் செக்கிங்கிலேயே காலம் தள்ளியவளை வயதைக் காட்டி முந்தைய கம்பெனி வெளியே அனுப்பியிருந்தது. மகன் வீட்டில் சும்மா உட்கார்ந்து தின்ற சோறு அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

முதல் நாளே சூப்பர்வைசர் ஈஸ்வரமூர்த்தி எல்லார் முன்னாலும் கேட்டான்: "ஏனுங்கம்மா, கறுப்புத் துணியில ஓட்டை தெரியுமுங்களா உங்களுக்கு?"

"குடுத்துப் பாருங்க" என்றாள். கொடுத்தான். பார்த்து முடித்த பனியனில் அவரவர் எண் ஸ்டிக்கரை ஒட்டவேண்டும்.

முதலாளி வேறு ரகம். யாராவது பார்வையிட வந்தால் போதும், அவளை வேலையிலிருந்து எழுப்பிப் பொன்னாடை போர்த்தி, "எங்க கம்பெனி தெய்வம்" என்று படம் எடுப்பார். வந்தவர் போனதும் பொன்னாடையை உருவி மடித்து அலமாரியில் வைப்பார்கள், அடுத்த முறைக்கு. சீ, இதுவும் ஒரு மரியாதையா?

மேசைக்கூட்டாளி கௌசிகா தங்கமான பெண். சாப்பாட்டைப் பகிர்வாள், பஸ் ஏற்றிவிடுவாள்.

மாதம் முடிந்தது. ஈஸ்வரமூர்த்தி வந்து, "உங்க கறுப்புல ஒரு குத்தமில்லீங்க. நாந்தேன் தப்பாப் பேசிட்டன்" என்றான். துளசிமணிக்கு நெஞ்சு நிறைந்தது. அவன் நகர்ந்ததும் கௌசிகா சந்தோஷமாகக் காதைக் கடித்தாள்: "நீங்க டீக்குப் போறப்பெல்லாம் கறுப்பை நான் பார்த்து உங்க ஸ்டிக்கரை ஒட்டிட்டனுங்கம்மா. பாவம், வயசான கண்ணு."

இந்த மூவரில் துளசிமணியை மிகவும் சிறுமைப்படுத்தியவர் யார்?

முதலாளி என்பீர்கள். அவர் போர்த்தியதை அவர் ஆட்களே உருவிக்கொண்டார்கள்; அவளுடையது எதுவும் போகவில்லை. ஈஸ்வரமூர்த்தியின் பேச்சுக்கு அவளால் தன் வேலையைக் கொண்டு பதில் சொல்ல முடிந்தது. கௌசிகாதான் அந்தப் பதிலையே பறித்தவள். தன் கண் எப்படி என்று இனி துளசிமணிக்கே தெரியாது. இவ்வளவு செய்தவளை வாய்விட்டுத் திட்டவும் முடியாது. அதனால் துளசிமணி ஈஸ்வரமூர்த்தியிடம் நிரந்தரம் வேண்டாமென்று சொல்லி, தனி மேசை போட்டு இன்னொரு மாதம் கறுப்பு மட்டும் கொடுக்கச் சொன்னாள்.