கடைசி மனை கீரிக்கு

மொட்டைப்பாறை மலைக்குக் கீழே ஒரு சரிவு. சரிவு முடிகிற இடத்தில் ஒரு குட்டை. அந்தக் குட்டைக் கரையில் ஓர் ஆமை குழி பறித்து முட்டையிட்டு, மண்ணை மூடி, பக்கத்திலேயே காவல் இருந்தது.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த காட்டில் தீப்பிடித்து வீடிழந்த ஒரு கூட்டம் அந்தச் சரிவுக்கு வந்து சேர்ந்தது. குட்டிகளை இழுத்துக்கொண்டு முயல் வந்தது. முள்ளம்பன்றி வந்தது. கௌதாரி வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் கீரி வந்தது.

"யாரும் கண்ட இடத்துல தோண்டாதீங்க! நான் மனை பிரிச்சுத் தர்றேன்!" என்றது கீரி.

வாலால் தரையில் விறுவிறுவென்று கோடு இழுத்தது.

"மேலேருந்து கீழ வரைக்கும் வரிசையா வீடு. புல்லு, புதரு எல்லாத்தையும் பிடுங்கிடுவோம். வாசல் பளிச்சுனு இருக்கும்! நடுவுல நேரா ஒரு வாய்க்கால். எவ்வளவு மழை பெஞ்சாலும் ஒரு சொட்டுத் தண்ணி நம்ம வாசல்ல நிக்காது!"

"அப்ப எங்க நிக்கும்?" என்று கேட்டது ஆமை.

"கீழ போயிடும்!"

"கீழ நான்ல இருக்கேன்!"

"உங்களுக்கென்ன ஆமையக்கா? உங்களுக்குத்தான் நீச்சல் தெரியுமே!"

எல்லாம் சிரித்தன. ஆமைக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்குத் தெரியும் தம்பி. என் முட்டைக்குத் தெரியாதே! உங்க வாய்க்கால் தண்ணி மொத்தமா இறங்குனா கரையே போயிடும்."

"முட்டையை எடுத்து மேட்டுல வெச்சுக்கங்க அக்கா," என்றது கௌதாரி.

"உன் முட்டை மாதிரி இல்லம்மா இது. உருட்டிட்டா உள்ள உயிர் தங்காது. வெச்ச இடத்துல இருந்தாத்தான் குஞ்சு."

கீரி தோளைக் குலுக்கியது. "ஒருத்தருக்காக ஊரே ஈரத்துல கிடக்க முடியுமா? மனையெல்லாம் சமமாத்தான் பிரிச்சிருக்கேன். எதுவும் எதுக்கும் குறைச்சல் இல்ல!"

இவ்வளவு நேரமும் குட்டிகளின் காதைப் பிடித்து அடக்கிக்கொண்டிருந்த முயல் இப்போது வாயைத் திறந்தது.

"ரொம்ப நல்லாப் பிரிச்சிருக்கீங்க அண்ணே! ஆனா ஒண்ணு. எங்க வீட்டுல கிழங்கை உடைக்கிற பிள்ளை கடைசித் துண்டைத்தான் எடுக்கணும். இல்லேன்னா தினமும் அடிதடி! அதையே இங்கயும் வெச்சுப்போமா? நாங்க எல்லாம் மனை எடுத்த பிறகு மிச்சத்தை நீங்க எடுத்துக்கங்க."

"அதான் நியாயம்!" என்று குதித்தது முள்ளம்பன்றி.

"எதுவும் குறைச்சல் இல்லன்னு அண்ணனே சொல்லிட்டாரே!" என்றது கௌதாரி.

கீரி சரிவை ஏறிட்டுப் பார்த்தது. எல்லார் கண்ணும் மேட்டு மனைகளின் மேல்தான் இருந்தது. அப்படியானால் மிஞ்சப்போவது ஆமை வீட்டுக்குப் பக்கத்து மனை! வாய்க்கால் வந்து விழுகிற இடம்!

"கொஞ்சம் பொறுங்க... கோட்டுல ஒரு சின்னத் திருத்தம் இருக்கு!"

சின்னத் திருத்தமா அது? போட்ட கோட்டையெல்லாம் வாலாலேயே அழித்தது. கீழே ஓடி வந்து, குட்டைக் கரையில் நின்று மேலே பார்த்தது. திரும்ப மேலே ஓடியது. திரும்பக் கீழே வந்தது. நாக்குத் தள்ளிவிட்டது.

"நேர் வாய்க்கால் வேண்டாம்! தண்ணி பழைய தடத்துலயே வளைஞ்சு வளைஞ்சு வரட்டும். அந்தத் தடத்துல யாரும் வீடு கட்டக் கூடாது. ரெண்டு கரையிலயும் புல்லைத் தொடாதீங்க! பாறைக்கு அடியில குறுக்கே கல் அடுக்கணும். அவங்கவங்க வாசல்ல ஒரு குழி. வாசல் தண்ணி அதுல இறங்கி, மிஞ்சினதுதான் வெளிய வரணும்!"

"காலையில புல்லே ஆகாதுன்னீங்க?" என்றது முள்ளம்பன்றி.

"காலையில நான் மேல்வீட்டுக்காரன் மாமா! இப்ப கீழ்வீட்டுக்காரன்!"

சிரித்துக்கொண்டே வேலையில் இறங்கின. கல் அடுக்கின. குழி தோண்டின. கீரி கடைசி மனையில் குடியேறியது.

ஒரு நாள் வானம் கறுத்தது. மழை கொட்டோ கொட்டு என்று கொட்டியது. ஆமையும் கீரியும் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் வந்தது. புல்லில் புகுந்து, மண்ணை விட்டுவிட்டு, தெளிவாக, மெதுவாக வந்தது.

திடீரென்று ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு செக்கச்செவேல் என்று பாய்ந்து வந்தது. குட்டைத் தண்ணீர் மளமளவென்று முட்டைக் குழியை நோக்கி ஏறியது.

"இது முள்ளம்பன்றி வீட்டுத் தண்ணி!" என்று மழையிலேயே மேலே பறந்தது கீரி. "மாமா! குழி எங்க?"

"அது வந்து மாப்ளே... நாளைக்குத் தோண்டலாம்னு..."

"மழை நாளைக்கா பெய்யுது? தோண்டுங்க! அங்க அக்கா முட்டை போகப்போகுது!"

முள்ளம்பன்றி பதறிப்போய் வாசலில் குழி பறித்தது. முயலும் குட்டிகளோடு ஓடிவந்து மண்ணைத் தள்ளியது. குழி பிறந்தது. பாய்ந்த தண்ணீர் அதில் விழுந்து அடங்கியது. கீழே, முட்டைக் குழிக்கு ஒரு முழம் தள்ளி, குட்டை ஏறாமல் நின்றுவிட்டது.

ஆமை கழுத்தை நீட்டி, ஈரத்தில் நடுங்கிய கீரியைப் பார்த்தது. "நல்ல வேளை, உங்களுக்கு மேட்டு மனை கிடைக்கல தம்பி!"

"எனக்கு நீச்சல் தெரியாதே அக்கா!" என்று தும்மியது கீரி.

கொஞ்ச நாளில் மண்ணைத் தள்ளிக்கொண்டு குட்டி ஆமைகள் வெளியே வந்தன. வந்ததும் வராததுமாகக் குட்டைக்குள் சளக் சளக்கென்று இறங்கின. அவற்றைக் கணக்குப் பார்க்க முயன்ற முயல்குட்டிகள் சண்டை போட்டுக்கொண்டன.

மேட்டில் இருப்பவர் தன் வாசல் தண்ணீர் பள்ளத்து வீட்டை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்த்து வீடு கட்டினால்தான், ஊர் முழுவதும் நன்றாக இருக்கும்.