ஆற்றங்கரையில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

வெயில் அடித்தால் வெயிலையே கோபித்துக்கொள்ளும் ராஜா ஒருவன் முன்னொரு காலத்தில் மருங்கூர்ச் சீமையை ஆண்டுவந்தான். பெயர் மழவராயன். சிவப்புப் பட்டு என்றால் அவனுக்கு உயிர். அந்தப் பட்டுக்குச் சாயம் ஏற்றித் தரும் வேங்கையன் என்றால் அதற்கும் மேல்.

வேங்கையனின் சாயப்பட்டறை கன்னலாற்றங்கரையில் இருந்தது. அதற்கு இடம் கொடுத்து முத்திரை வைத்தவர் மந்திரி பெருந்தேவர்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, நாலு பேருக்கு வேலை கிடைக்குமே என்று வைத்தார். கிடைக்கவும் செய்தது. ஆறுதான் சிவந்துபோனது. அதற்கப்புறம் மந்திரி அந்தத் துறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் வேங்கையன் சபைக்கு வந்தான்.

"மகாராஜா, பட்டறைக்குக் கீழே இருக்கிற கீழத்துறை ஜனங்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டிருக்கிறேன். தினம் இருபது வண்டித் தண்ணீர்!"

"ஆகா! உனக்குத் தர்மசீலன் என்று பட்டம். இன்னும் என்ன வேண்டும், கேள்."

"ஆறு வரும் பக்கம், மேல்கரையில் இன்னொரு பட்டறைக்கு இடம்."

மந்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். மருங்கூர் குடிக்கும் தண்ணீர் மேல்கரையிலிருந்துதான் வருகிறது. கூடாது என்று சொன்னாலோ, ராஜா அதற்காகவே கொடுத்துவிடுவான்.

"தாராளமாகக் கொடுக்கலாம் மகாராஜா," என்றார். "முதலில் தர்மத்தைக் கல்லில் வெட்டிவிடுவோம். யார் செய்தார், என்ன செய்தார், எதற்காகச் செய்தார் என்று கொடுத்தவர் தம் வாயால் சொல்ல வேண்டும். மூன்று வரியும் நிறைந்தால்தான் பட்டம். அதுதானே நம் வழக்கம்?"

"என் பெயர் கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும்," என்றான் வேங்கையன்.

கல்தச்சர் உளியோடு உட்கார்ந்தார். பெயர் ஏறியது. தண்ணீர்ப் பந்தல் ஏறியது.

"எதற்காக?" என்றார் மந்திரி.

"ஜனங்களின் தாகத்துக்காக."

கல்தச்சர் உளியை நிறுத்தினார். அவருக்குக் கீழத்துறைதான் ஊர். "ஐயா, கல்லுல ஏறினது இறங்காது. ஆறு ஓடுற ஊர்ல தாகம்னு வெட்டினா, படிக்கிறவன் சிரிப்பானே?"

"ஆற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, அதனால் என்று வெட்டு!" என்றான் வேங்கையன்.

"ஏன் வைக்க முடியலைன்னு கேப்பானே?"

வேங்கையன் சாயம் படிந்த விரல்களை மேல்துண்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

"சொல்லப்பா, தர்மசீலா!" ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்தவன் தன் தோளில் கிடந்த சிவப்புப் பட்டைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"பட்டமும் இல்லை, மேல்கரையும் இல்லை. இனி ஒரு சொட்டுச் சாயம் ஆற்றில் இறங்கக் கூடாது. ஆறு தெளிகிறவரை அந்த ஊருக்குத் தண்ணீர் உன் பொறுப்பு. பெருந்தேவரே, இந்தாரும் என் முத்துமாலை!"

மந்திரி கை நீட்டவில்லை. "மூன்றாவது வரி காலியாக இருக்கிறதே மகாராஜா. நான் சொல்கிறேன், வெட்டட்டும். வேங்கையன் சாயத்தை ஆற்றில் விட்டான். மந்திரி பெருந்தேவன் இடம் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை."

கல்தச்சர் இரண்டு பெயரையும் வெட்டினார்.

கல்லைப் பந்தலில் நட்ட அன்று, பன்னிரண்டு வருஷம் கழித்து மந்திரி கீழத்துறைக்குப் போனார். ஆறு இன்னும் சிவப்பாகத்தான் ஓடியது. அவர் யாரென்று தெரியாத ஒரு பெண் சொம்பை நீட்டினாள்.

"பயப்படாமக் குடிங்க ஐயா. ஆத்துத் தண்ணி இல்லை, வண்டித் தண்ணிதான்."

குடித்தார். நல்ல தண்ணீர்தான். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கல்லில் இருந்த தன் பெயரைக் காட்டி, "அது நான்தான் அம்மா," என்றார்.