மரநாய் திறந்து பார்த்த பானை

அந்தக் காலத்தில், மரநாயும் ஈயும் நம்மைப் போலப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மரநாய் தன் பெண்டாட்டியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது பனங்காட்டு ஓடைக்கரையில். பெண்டாட்டி அப்போது, மகளின் கல்யாணத்துக்கென்று கள்ளைப் பானையில் ஊற்றி, வாயைக் களிமண்ணால் பூசிக்கொண்டிருந்தது. பெண்ணின் தாய் வைத்த கள்ளை மாப்பிள்ளை வீட்டார் குடித்தால்தான் மரநாய்களுக்குள் சம்பந்தம் உறுதியாகும்.

"கல்யாணத்தன்னைக்குத்தான் தொறக்கணும். உங்களுக்குச் சந்தேகப் புத்தி. நடுவுல எட்டிப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடையில் இறங்கியது. அன்று வந்த வெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது.

சில நாளில் ஒரு சின்ன ஈ பானையைச் சுற்றத் தொடங்கியது. மணத்துக்காக வந்தேன் என்றது. மரநாய் நம்பவில்லை. ஈ போனதும் மண்ணைப் பெயர்த்து, ஈர்க்குச்சியை விட்டு ஆழம் பார்த்தது. சரியாகத்தான் இருந்தது. மறுநாளும் பார்த்தது. ஐந்தாம் நாள் நகக்கண் அளவு குறைந்திருந்தது.

யாரோ குடிக்கிறார்கள். அணிலைக் கேட்டது, ஓணானைக் கேட்டது. மகள் தூங்கும்போது அதன் வாயைக்கூட மோந்து பார்த்தது. குறையக் குறைய அடிக்கடி திறந்தது. கடைசியில் பானையை அடைப்பதையே விட்டுவிட்டது.

கல்யாண நாளில் மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பியது.

"சம்பந்தி, இது கள்ளு இல்ல, புளிச்சுப்போன காடி. இதக் குடிச்சா நாங்க உறவாகணும்?"

வந்தவர்கள் எழுந்து போனார்கள். மரநாய் ஈயின் மேல் பாய்ந்தது.

"திருடுனது நீதானே?"

"காத்துதான் அண்ணே. அதுக்குத் தொறந்துவிட்டது நீங்க."

கள்ளின் வெறி லேசானது, வாய் திறந்தால் கொஞ்சம் பறந்துவிடும் என்றது ஈ. மிச்சத்தோடு காற்று சேர்ந்தால் புளிப்பாகிவிடுமாம். அந்தப் புளிப்பு அவ்வளவு சுலபமாகப் பறக்காது. அதன் துகள்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்துக்கொண்டு பானையிலேயே தங்கிவிடும். தன் காலில் ஒட்டிவந்த அழுக்கும் அதற்கு உதவியிருக்கலாம் என்று ஈ ஒத்துக்கொண்டது. ஆனால் மூடியிருந்த பானைக்குள் தான் எப்படி நுழைந்திருக்க முடியும் என்று கேட்டது.

மகள் தனியாகக் காட்டுக்குள் போனது.

அன்று முதல்தான் மரநாய்கள் ஒண்டியாகத் திரிகின்றன. பனை உச்சியில் கட்டிய கலயத்தில் அங்கேயே வாய்வைத்துக் குடிக்கின்றன, எதையும் சேர்த்து வைப்பதில்லை. திறந்து வைத்த கள்ளும் புளித்துக் காடியாகிறது.

ஓடைக்கரையில் அந்தப் பானை இருக்கிறது. முக்கால் பானை காடி.