எந்தப் பெயருக்கும் வரும் கடிதம்

"ஐயா, என் இணையதளத்தையே மூடிவிடப் போகிறேன்."

மலையடிவாரத் தியானக்கூடத்துக்குள் வந்த வேகத்திலேயே சொன்னாள் அங்கயற்கண்ணி. ஆசிரியர் நிமலன் பாயை உதறிக்கொண்டிருந்தார். அவளைவிட வயதில் இளையவர்.

"உட்காருங்கள் அம்மா. என்ன நடந்தது?"

சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலப்பதை அவள் அந்தத் தளத்தில் எழுதிவந்தாள். அதற்கென்று ஒரு மின்னஞ்சல். @ குறிக்கு முன்னால் யார் எந்தப் பெயரைப் போட்டு அனுப்பினாலும் அவளுக்கே வந்து சேரும். ஊர்க்காரர்கள் எழுத்தைத் தப்பாக அடித்தாலும் ஒரு தகவல் தவறிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருந்தாள்.

வந்ததோ வேறு. மேனேஜருக்குக் கடன், கணக்காளருக்கு லாட்டரிப் பரிசு, இல்லாத குமாருக்கு முடி வளரும் தைலம். யார் யாரோ வாய்க்கு வந்த பெயரைப் போட்டு அனுப்பினார்கள். எல்லாம் வந்து விழுந்தது. எழுதுவது ஒரு பெண் என்று மட்டும் தெரிந்திருந்த பட்டறை ஆட்களும் இதைக் கண்டுகொண்டார்கள். 'பொய்க்காரி' என்ற வசவையே முகவரியாக்கி அனுப்பினார்கள். அதுவும் வந்தது. ஒன்றுவிடாமல் படித்ததாகச் சொல்லி முடித்தாள்.

நிமலன் எழுந்தார். "சந்தைக்குப் போகலாம். நீங்கள் முன்னால் நடங்கள்."

கூட்டத்துக்குள் நுழைந்ததும் பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார்.

"மேனேஜர்!"

திரும்பினாள்.

"குமாரு!"

மறுபடியும் திரும்பினாள்.

"பொய்க்காரி!"

வெடுக்கென்று திரும்பினாள். முகம் சிவந்துவிட்டது. வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை அப்படியே பிடித்தபடி பார்த்தார்.

"இதில் எது அம்மா உங்கள் பெயர்?"

"எதுவும் இல்லை."

"பிறகு ஏன் திரும்பினீர்கள்?"

"நிஜமாகவே என்னைத் தேடுகிறவர் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால்?"

"சரியான பெயரை அவருக்குச் சொல்லியிருக்கிறீர்களா?"

தளத்தில் ஓரிடத்திலும் அவள் பெயர் கிடையாது.

"பயமாக இருந்தது" என்றாள்.

"எனக்கும் இருந்திருக்கும்."

அவர் வெங்காயம் வாங்கிக்கொண்டு நடந்தார்.

அன்று மாலையே மற்ற பெயர்களுக்கு வருவதையெல்லாம் அடைத்தாள். தளத்தின் முகப்பில் தன் முழுப்பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டாள். அந்தப் பெயரில் ஒரே முகவரி. எழுதத் தடுமாறுகிறவர்கள் கூப்பிட ஒரு போன் நம்பர். வெளியிடும் பொத்தானை அழுத்தினாள்.

அடுத்த வாரம் வந்தாள்.

"குப்பை நின்றுவிட்டது ஐயா. வசவு நிற்கவில்லை. இப்போது நேராக என் பெயருக்கே வருகிறது. 'எழுதுவது நீதானா?' என்று பட்டறை முதலாளியே கேட்டு அனுப்பியிருக்கிறார். என்ன பதில் எழுதட்டும்?"

நிமலன் சிரித்தார்.

"'ஆமாம், நான்தான்' என்று எழுதுங்கள்."