உப்புக் கரித்த அசனம்

சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை அன்று. காலையிலிருந்தே ரூபாவதிக்குக் கால் தரையில் பாவவில்லை.

சபையாரை வீடு வீடாகப் போய்ச் சந்திக்கிற ஊழியத்தில் அவள் புதுசு. சொல்லிக் கொடுப்பவள் போதகரின் மனைவி ஐயரம்மா. வயசில் ரூபாவதிக்கு இளையவள்தான், ஆனாலும் குரு அவள்தான்.

"ஐயரம்மா, இன்னைக்கு ஞானவடிவு மதினியைக் கூட்டிட்டு வந்தே தீருவேன். எந்த வசனம் சொன்னா கதவைத் திறப்பாங்க?"

"குழம்பைக் கிண்டுங்கக்கா, அடிப்பிடிக்கும்."

ஞானவடிவுதான் வருஷாவருஷம் அசனக் குழம்பு வைப்பாள். போன வருஷம், "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், சும்மா உக்காந்து சாப்பிடுங்க" என்று சபையார் வெளியூர்ச் சமையல்காரரைக் கூட்டி வந்துவிட்டார்கள். இலையில் கை வைக்காமல் எழுந்து போனவள்தான், அப்புறம் வேதக்கோயில் வாசலை மிதிக்கவில்லை. ரூபாவதி வேதாகமத்தோடு எத்தனையோ தடவை போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம்தான் கேட்டது.

இந்த வருஷம் சமையல் பெண்கள் பொறுப்பு. ரூபாவதி கிண்டிக்கொண்டே மதினிக்குச் சொல்ல வேண்டிய வசனங்களை முணுமுணுத்தாள். ஒரு வசனம், ஒரு கை உப்பு. அடுத்த வசனம், இன்னொரு கை உப்பு.

ருசி பார்த்தவளுக்குக் கண் பிதுங்கிவிட்டது.

"ஐயோ ஆண்டவரே! ஐயரம்மா, முழு அண்டாவும் போச்சு!"

கோயிலுக்குள் கடைசிப் பாட்டு தொடங்கியாயிற்று. அது முடிந்தால் பந்திதான்.

"போய் மதினியைக் கூப்பிடுங்கக்கா."

பழக்கதோஷம், ரூபாவதி வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தாள். ஐயரம்மா அதை வாங்கி வைத்துவிட்டு, ஒரு கிண்ணம் குழம்பைக் கையில் கொடுத்தாள்.

"இதைக் கொண்டு போங்க."

ஓடினாள். கதவை இடித்தாள்.

"மதினி! நான் குழம்பைக் கெடுத்துட்டேன்! காப்பாத்துங்க மதினி! ஊரே இலைக்கு முன்னால உக்காரப் போகுது!"

தாழ்ப்பாள் விலகியது. ஞானவடிவு கிண்ணத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"ஏட்டி, கடலையே மொண்டு ஊத்திட்டியா?"

"ஆமா மதினி."

"கூறுகெட்டவளே! உருளைக்கிழங்கு கிடக்கா? தேங்காய் இருக்கா?"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் ஓடினாள். ரூபாவதியால் பின்னால் ஓடிப் பிடிக்க முடியவில்லை.

"பாதிக் குழம்பை அடுத்த அண்டாவுக்கு மாத்து! நீ தேங்காயைத் துருவு! வேடிக்கை பாக்காதட்டி, கிழங்கை வெட்டு! ஐயரை இன்னொரு பாட்டுப் பாடச் சொல்லுங்க!"

போதகர் ஐயர் பாடினார். எட்டிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் பாடினார். சபையார் பசியில் ராகத்தை இழுத்தார்கள். அதற்குள் குழம்பு தேறிவிட்டது.

பந்தியில் வாளியோடு நின்றவள் ஞானவடிவுதான். "என்ன ஓய், கோழி மாதிரி கொறிக்கீரு? இன்னொரு கரண்டி வாங்கும்!"

ரூபாவதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது.

"ஐயரம்மா, அத்தனை வசனத்தோட போனேன், திறக்கல. இன்னைக்கு ஒரு வசனம்கூடச் சொல்லலையே!"

ஐயரம்மா அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டே கேட்டாள்:

"கிணத்தடியில அந்தச் சமாரியப் பெண்ணைப் பாத்ததும், ஆண்டவர் முதல்ல என்னக்கா சொன்னாரு?"

அந்த அதிகாரம் ரூபாவதிக்குத் தலைகீழ்ப் பாடம். "குடிக்கத் தண்ணி தான்னு அவகிட்ட கேட்டாரு..." என்று தொடங்கியவள், வாளியோடு போகிற மதினியைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.