கரடி தள்ளாத கல்

பாறைக்காட்டில் ஒரு குகைச் சிறை இருந்தது. அதன் வாயை ஒரு பெரிய கல் அடைத்திருந்தது. அதைத் தள்ளித் திறக்கும் பொறுப்பு காவல் கரடிக்கு மட்டுமே உண்டு.

அந்தக் கோடையில் கடும் பஞ்சம். சிங்க ராஜாவின் தோட்டத்தில் கிழங்கு தோண்டியவர்களையெல்லாம் பிடித்து உள்ளே அடைத்தார்கள். பத்துப் பேர் படுக்கும் குகையில் ஐம்பது பேர்! எள் போட்டால் எள் விழாது. முறை வைத்துத் தூங்கினார்கள். முள்ளம்பன்றி மட்டும் தன் முறை வந்தாலும் படுக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர்களைக் குத்திவிடுமே! முள்ளை ஒடுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றபடியே கண்ணயர்ந்தது.

சொந்தபந்தங்கள் நீதிபதி யானையிடம் முறையிட்டார்கள். யானை நேரில் வந்து, கல்லின் இடுக்கில் துதிக்கையை வைத்து மோந்து பார்த்தது.

"இது சிறையா, சவக்குழியா? கிழங்குக்காகப் பிடித்தவர்களை இன்றே விடுங்கள்! இனி யாரையும் கேட்க வேண்டாம்!"

காடே கைதட்டியது. கல்லைத் தள்ள வேண்டிய அதே கைகளால் கரடியும் தட்டியது.

இருந்தாலும் கரடிக்குப் பயம். ராஜாவிடம் ஓடியது.

"அருமையான தீர்ப்பு! மந்திரி நரியைக் கேள்," என்றது சிங்கம்.

"யானையார் சொன்னால் சரிதான்! எப்படிச் செய்வதென்று கூடிப் பேசுவோம்," என்றது நரி.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! கரடி வெறுங்கையோடு திரும்பியது.

"அண்ணே, யானையார் சொல்லிட்டாராமே! மூச்சு முட்டுது, கல்லைத் தள்ளுங்களேன்!" என்றது முள்ளம்பன்றி.

"பொறு தம்பி. மேலிடத்திலிருந்து ஒரு வார்த்தை வரட்டும்."

வெயில் ஏறிக்கொண்டே போனது. தினமும் முள்ளம்பன்றி கேட்டது. தினமும் கரடி அதே பதிலைச் சொன்னது. ஒரு நாள் உள்ளேயிருந்து அந்தக் குரல் வரவில்லை.

கரடி பதறிப்போய்க் கல்லைத் தள்ளியது. ஒரே தள்ளுதான், உருண்டுவிட்டது! எல்லாரும் தள்ளாடி வெளியே வந்தார்கள். முள்ளம்பன்றி மட்டும் வரவில்லை. முள்ளை ஒடுக்கியபடி, சுவரில் சாய்ந்து செத்துப்போயிருந்தது.

"யாரைக் கேட்டுத் திறந்தாய்?" என்று உறுமியது சிங்கம்.

"யானையார் அன்றைக்கே சொல்லிவிட்டார், ராஜா. நான்தான் உங்களைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பாவி நான்!" என்று கரடி தலையில் அடித்துக்கொண்டு அழுதது. அழுது என்ன பயன்?

தீர்ப்பைக் கைதட்டி வரவேற்றால் போதாது. கதவைத் திறக்க வேண்டியவன் உடனே திறந்தால்தான் அது நீதி.