சுவாமியின் இடுப்பளவு

"சுவாமி, உங்க இடுப்பை அளக்கணும்."

பாடம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு மங்கையர்க்கரசி இதைச் சொன்னாள்.

தாம்பாளத்தில் பழம் அடுக்கிக்கொண்டிருந்த குஞ்சிதபாதத்தின் கை அப்படியே நின்றது. ஆசிரம நிர்வாகம் அவர் பொறுப்பு. சுவாமியைப் பற்றி யார் எது பேசினாலும் அவர் காதுக்குத் தப்பாது.

சிற்சபேச சுவாமி சிரித்தார்.

"எதுக்கும்மா? எனக்குச் சட்டை தைக்கப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை.

மங்கையர்க்கரசி பக்கத்து ஊரில் டாக்டர். ஐம்பது வயது. ஞாயிறுதோறும் கொள்ளிடக் கரையில் இருந்த அந்த ஆசிரமத்துக்கு வருவாள். காலையில் சுவாமியிடம் பாடம் கேட்பாள். பிறகு பந்தலில் உட்கார்ந்து காசு வாங்காமல் வைத்தியம் பார்ப்பாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் கேள்விதான் கேட்டிருக்கிறாள். அவரைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

"சுவாமிக்கு என்ன குறை?" என்றார் குஞ்சிதபாதம். "எடை ஏறவே இல்லை. கை காலைப் பாருங்க, குச்சி மாதிரி."

"அந்தக் கை காலைப் பாத்துத்தான் எனக்குப் பயம். அதெல்லாம் மெலிஞ்சுக்கிட்டே போகுது. வயிறு மட்டும் முன்னால வருது."

"அது தொந்தி இல்லை டாக்டரம்மா. தேஜஸ்."

ஊரிலும் அப்படித்தான் சொன்னார்கள். தொந்தி விழுந்த பிறகுதான் சுவாமிக்குக் களை வந்தது என்று பேசிக்கொண்டார்கள். பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. அதிரசம், ரவா லட்டு, மைசூர்பாகு. யார் மனமும் நோகக்கூடாது என்று ஒவ்வொரு கையிலிருந்தும் ஒரு விள்ளல் வாங்கி வாயில் போட்டுக்கொள்வார் சுவாமி. ஒரு நாளில் எத்தனையோ கைகள்.

"அளந்தா என்ன தெரியும்?" என்று கேட்டார் சுவாமி.

"கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்திருக்குமோன்னு சந்தேகப்படலாம். உறுதியாச் சொல்ல ஸ்கேன் எடுக்கணும், ரத்தம் பாக்கணும். ஆனா முதல்ல காட்டிக்கொடுக்கிறது இடுப்புதான். நம்ம உயரத்துல பாதியைத் தாண்டக் கூடாது."

"தாண்டினா?"

"வலிக்காது சுவாமி. பல வருஷம் ஒண்ணுமே தெரியாது. உள்ளுக்குள்ள தழும்பு விழுந்துக்கிட்டே இருக்கும். சிலருக்குக் கடைசில கல்லீரல் இறுகிப்போயிடும். வயித்துல தண்ணி கோக்கும். ரத்த வாந்தி வரும்."

சுவாமியின் சிரிப்பு நின்றது.

"அது குடிக்கிறவங்களுக்குத்தானே?"

"குடிக்காதவங்களுக்கும் வரும்."

"ஒரு சொட்டுகூடத் தொடாதவனுக்கு?"

"வரும் சுவாமி."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே அரளிச் செடிகளுக்கு நடுவே பெரிய சுவாமியின் சமாதி தெரிந்தது.

ஆசிரமத்தை உண்டாக்கியவர் பெரிய சுவாமி. சிற்சபேசரின் குரு. வயிறு பானையாக வீங்கி, ரத்தம் கக்கிப் போனார். ஆஸ்பத்திரியில் கல்லீரல் என்றார்கள். அந்த ஒரு சொல் ஊருக்குப் போதுமானதாக இருந்தது. சாமியார் ரகசியமாகக் குடித்தார் என்று கதை கிளம்பியது. கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சமாதிக்குக் குழி வெட்ட ஆள் வரவில்லை. சிற்சபேசரும் குஞ்சிதபாதமும்தான் வெட்டினார்கள்.

"அவர் பக்கத்துல பாய் போட்டுப் படுத்தவன் நான்" என்றார் சுவாமி. "அவர் குடிக்கலைன்னு எனக்குத் தெரியும். எதனால போனார்னுதான் தெரியலை. யார்கிட்ட வாதாடினாலும் அந்த இடத்துல வாயடைச்சு நின்னுடுவேன்."

"நான் அவரைப் பாத்ததில்லை. இதுதான் காரணம்னு இப்ப அடிச்சுச் சொல்ல முடியாது" என்றாள் மங்கையர்க்கரசி. "அவருக்கும் வயிறு இருந்ததா?"

"என்னோடதைவிடப் பெருசு."

"சக்கரையும் இருந்துது" என்றார் குஞ்சிதபாதம், தரையைப் பார்த்தபடி.



மங்கையர்க்கரசி பையைத் திறந்து டேப்பை எடுத்தாள். சுவாமி கையமர்த்தினார்.

"இன்னைக்கு வேண்டாம்மா. குருபூஜை அன்னிக்கு வா."

"அதுக்கு நாள் இருக்கே சுவாமி."

"வா."

அவள் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள். வாசல் வரை வந்த குஞ்சிதபாதத்திடம் மனம் தாங்காமல் சொன்னாள்:

"என்கிட்ட வர்ற எல்லாரும் இப்படித்தான். பொங்கல் போகட்டும்பாங்க, கல்யாணம் முடியட்டும்பாங்க. சுவாமியுமா?"

*

குருபூஜை அன்று காலை குஞ்சிதபாதம் சுவாமியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சுவாமி என்ன செய்யப் போகிறார் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

"வேண்டாம் சுவாமி. கல்லீரல்னு நீங்க வாயால சொன்னா போதும். இவரும் குடிகாரர்தான்னு கிளப்பிடுவாங்க. ஒரு தடவை பட்டது போதாதா?"

"அதுக்காகத்தான் குஞ்சிதபாதம்."

பந்தல் நிறைந்திருந்தது. தீபாராதனை முடிந்ததும் சுவாமி மேடையில் எழுந்து நின்றார்.

"டாக்டரம்மா, இங்க வா. அளவு எடு."

மங்கையர்க்கரசிக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இங்கேயா? உள்ள போயிடலாம் சுவாமி."

"இங்கதான்."

அவர் காவி மேல்துண்டை எடுத்துக் குஞ்சிதபாதத்திடம் கொடுத்தார். ஒட்டிய மார்பும் மெலிந்த தோள்களும் உருண்ட வயிறுமாக அத்தனை பேருக்கு முன்னால் நின்றார். அவள் டேப்பை எடுத்தாள்.

"நம்பர் சொன்னா கடைசியில இருக்கிறவங்களுக்கு விளங்காது. கண்ணுக்குத் தெரியற மாதிரி செய்."

பந்தல் கட்டி மிஞ்சிய கயிறு ஓரத்தில் கிடந்தது. அவள் அதை எடுத்து அவர் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை பிடித்து வெட்டினாள். வெட்டியதை இரண்டாக மடித்து, மடிப்பில் மறுபடி வெட்டினாள். ஒரு பாதியை அவர் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"சுவாமி, வயித்தை எக்காதீங்க."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சுவாமியும் சிரித்தார்.

"தெரியாம எக்கிட்டேன்மா." மூச்சை விட்டார்.

கயிற்றின் இரண்டு முனைகளும் சேரவில்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

கயிற்றை அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சுவாமி பந்தலின் இரண்டு பக்கமும் தெரியும்படி மெல்லத் திரும்பிக் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்குங்க. இவ்வளவும் உங்க அன்பா வந்து, என் ஆசையா உள்ள போனது. என் கல்லீரல் கெட்டிருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. நாளைக்கு ஸ்கேன் எடுக்கப் போறேன். முடிவு எதுவானாலும் இதே இடத்துல வந்து சொல்லுவேன். நான் குடிச்சதில்லை."

கொஞ்சம் நிறுத்தினார்.

"என் குருவும் குடிச்சதில்லை."

பின்னாலிருந்து ஒரு குடும்பம் எழுந்து போனது. இன்னும் சிலர் எழுந்தார்கள். சுவாமி துண்டைக் கேட்கவில்லை. அப்படியே நின்றார்.

மங்கையர்க்கரசி எத்தனையோ பேரைச் சட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கிறாள். நோயின் பெயரைக் கேட்டதும் குறுகிப்போன உடம்புகளைத்தான் பார்த்திருக்கிறாள். இப்படி ஒருவர் நின்று பார்த்ததில்லை. வாசலில் குஞ்சிதபாதத்திடம் தான் சொன்னது நினைவுக்கு வர, அவளுக்கு முகம் சுட்டது.

*

ஸ்கேனில் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு தெரிந்தது. தழும்பும் தொடங்கியிருந்தது. இப்போதே குறைத்தால் பெரும்பாலும் சரியாகும் என்றாள் மங்கையர்க்கரசி. சுவாமி அடுத்த ஞாயிறே பந்தலில் வந்து ஒன்று விடாமல் சொன்னார்.

குஞ்சிதபாதம் பயந்தபடியேதான் நடந்தது. டீக்கடைகளில் சிரித்தார்கள். கார்கள் வருவது குறைந்தது.

"கூட்டம் பாதியாயிடுச்சு சுவாமி."

"நானும் பாதியாகணும்னுதானே சொல்லியிருக்காங்க."

இனிப்பு கொண்டுவருகிறவர்களின் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். ஒரு பெண் அழுதேவிட்டாள்.

"என் கையால ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டீங்களா?"

"உன் கையால ஒரு செம்பு தண்ணி கொடும்மா."

அவள் கொண்டுவந்த தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

இலையில் சோறு குறைந்தது. கீரையும் பயறும் கூடின. விடிந்ததும் கரையோடு வேகமாக நடந்து மதகு வரை போய்வந்தார். செடிகளுக்குத் தானே தண்ணீர் சுமந்து ஊற்றினார். முதலில் மூச்சு வாங்கியது. பிறகு குடத்தோடு பாட்டும் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் மங்கையர்க்கரசி சமையல்கட்டுக்குள் நுழைந்தபோது சுவாமி தனியாக நின்றிருந்தார். கன்னம் உப்பியிருந்தது. விரலில் அதிரசத் துணுக்கு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மென்று விழுங்கினார்.

"முழுசும்மா" என்றார். "சும்மா விள்ளல் இல்லை."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சுவாமி."

"நான் சொல்லிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை பந்தலில் சொல்லவும் சொன்னார். அன்று அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அதற்குப் பிறகு ஒரு வாரமும் வராமலிருந்ததில்லை.

ஐப்பசி மழை தொடங்கியபோது கயிற்று முனைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளிதான் இருந்தது. ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்தது. மங்கையர்க்கரசி முடிவைப் பார்த்துவிட்டு அவரைக் கும்பிட்டாள்.

"பாடம் நடத்தினது நீ. கும்பிடு எனக்கா?" என்றார் சுவாமி.

அன்று சாயங்காலம் குஞ்சிதபாதம் அவள் முன்னால் வந்து நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சட்டையை உயர்த்தினார்.

அவருக்குப் பின்னால் சமையல்காரர் வந்தார். அடுத்த வாரம் பால்காரர், அவர் மனைவி, மனைவியின் அண்ணன். பிறகு பந்தலில் இரண்டு வரிசை நின்றது. பெண்களை மங்கையர்க்கரசி அளந்தாள். ஆண்களுக்குச் சுவாமியே கயிறு பிடித்தார். முனை சேராதவர்களை அவளிடம் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். அவர் கையால் அளக்கும்போது யாரும் கூச்சப்படவில்லை. எக்குகிறவர்களைப் பார்த்தால் மட்டும், "நானும் எக்கினவன்தான்" என்பார்.

ஒரு ஞாயிறு, வாழைக்காய் மண்டி கலியமூர்த்தி ஆண்கள் வரிசையில் வந்தார். அவர் ஆசிரமத்துக்குள் கால் வைத்துப் பல வருஷம் ஆகிறது. மெலிந்த ஆள். வயிறு மட்டும் சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டிருந்தது. முறை வந்தும் கையைத் தூக்கவில்லை.

"சுவாமி, பெரிய சுவாமி குடிப்பார்னு ஊர்ல முதல்ல சொன்னது…"

சொல்லை முடிக்காமல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

குஞ்சிதபாதம் இரண்டடி முன்னால் வந்தார். பக்கத்து வரிசையில் மங்கையர்க்கரசியின் கை நின்றது. பந்தலே சுவாமியைப் பார்த்தது.

சுவாமி கண்ணை மூடினார். அவர் தாடை இறுகித் தளர்ந்ததை மங்கையர்க்கரசி பார்த்தாள். பிறகு கயிற்றின் ஒரு முனையைக் கலியமூர்த்தியின் உச்சந்தலையில் வைத்தார்.

கலியமூர்த்தி அவர் காலில் விழக் குனிந்தார்.

சுவாமி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நிமிர்ந்து நில்லுப்பா. குனிஞ்சா அளவு தப்பிடும்."